மெல்லிய நூல்

ஜூன் 6

சிஸ்டர் அண்ணிக்கு,

ஆஸ்பத்திரியில் கூப்பிடுவது போலவே தெருவும் உங்களை சிஸ்டர் என்று கூப்பிடும்போது நான் மட்டும் அண்ணி என்றால் ஒட்டாது என்று கல்யாணமான புதிதில் இரண்டையும் சேர்த்து வைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். பழக்கம் விடவில்லை. இப்போதும் அப்படியே எழுதுகிறேன்.

உறையின் பின்னால் இருப்பது என் வக்கீலம்மாவின் முகவரி. பதிலை அங்கே போட்டால் என்னிடம் வந்து சேரும். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று கேட்காதீர்கள். போன் நம்பரும் கேட்காதீர்கள். போனில் என்றால் முதலில் திட்டுவீர்கள், பிறகு அழுவீர்கள், நான் இறங்கி வந்துவிடுவேன். உங்கள் தம்பியும் அப்படித்தான். என்ன, அவருக்கு அழுகை முதலில் வரும். காகிதத்தில் யார் அழுதாலும் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். பெற்ற பெண்ணை விட்டுவிட்டு ஓடியவள் என்று என்னைப் பற்றி உங்கள் தம்பி கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பதற்குள் வாலுவை அவர் அழைத்துக்கொண்டு போய்விட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அவளைத் தேடிக்கொண்டு கையில் பையோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தால், இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருப்பேனா என்பதும் உங்களுக்குத் தெரியும். வாலு யாரிடம் இருப்பது என்று அடுத்த மாதம் முடிவு செய்யப்போகிறார்கள். அவர் அடிப்பார் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம்.

வக்கீலம்மா கேட்டார்: "ஆஸ்பத்திரிக்குப் போனியாம்மா?" போகவில்லை. "போலீசுக்கு?" போகவில்லை. "தழும்பாவது இருக்கா?" இருக்கிறது என்று சொல்லி, அவருடைய மேஜை விளக்கைத் திருப்பி முகத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். புருவத்துக்கு மேலே இருப்பதைச் சுருக்கம் என்றார். தாடைக்குக் கீழே இருப்பது அவர் கண்ணிலேயே படவில்லை. முழங்கையில் இருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல விழுந்திருப்பாம்பாங்க" என்றார்.

அவ்வளவு நல்ல கை அண்ணி உங்களுக்கு.

தைத்த கைதான் வந்து சொல்ல வேண்டும். எனக்கு வேறு யாரும் இல்லை. வருவீர்களா?

வாலு தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளுவாள். பார்த்துக்கொள்ளுங்கள்.


ஜூன் 15

ஸ்டூடியோக்காரிக்கு,

நான் உன்னை எப்போதும் கூப்பிடுவது போலவே கூப்பிடுகிறேன். நீ வேண்டுமானால் வக்கீல் முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொள். நான் என்ன எதிர்க்கட்சியா? உன் பிரசவத்தின்போது முழுநேரமும் உன் தலைமாட்டில் நின்றவள் நான். ஊரைக்கூடச் சொல்ல மாட்டாயாம்.

வாலு நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் மாடிக்கு என்னிடம் வந்துவிடுகிறாள். கட்டிலில் ஏறிக் குதிக்கிறாள், நான் வாங்கி வைக்கும் ரொட்டியில் ஓரத்தை மட்டும் எனக்கு மிச்சம் வைக்கிறாள். அவள் மேல் தம்பி ஒரு விரல் வைத்ததில்லை. "என் மேல இருக்கற கோபத்தை அவ மேல காட்டினதே இல்ல அண்ணி" என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். அது உனக்கு மறந்துபோயிருக்கும்.

அவன் உருக்குலைந்து கிடக்கிறான். தாடியும் மீசையுமாக லிஃப்ட் ரிப்பேருக்குப் போய்விட்டு வருகிறான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுகிறான்.

தைத்த கை வந்து சொல்ல வேண்டும் என்கிறாய். நல்லது. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால் எங்கள் ஆட்களே போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள். அடித்த காயத்தோடு யார் வந்தாலும் அதுதான் விதி. "வேணாம் அண்ணி, போலீஸ் வந்தா அவருக்கு வேலை போயிடும்" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சியது யார்? நானா? வார்டிலிருந்து ஊசியையும் நூலையும் கைப்பையில் மறைத்து உனக்காகத்தான் கொண்டு வந்தேன். அதுவும் எந்த நூல்? குழந்தைகள் முகத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் மெல்லிய நூல். அதில் தைத்தால்தான் தழும்பு நிற்காது. நாலு பேருக்கு முகம் காட்டி உட்கார்ந்து வேலை செய்கிறவள், யாரும் ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். அதற்குக் கிடைத்த பரிசு, "அவ்வளவு நல்ல கை."

இதையெல்லாம் கோர்ட்டில் சொன்னால் என் வேலை போகும். அவன் ஜெயிலுக்குப் போவான். உனக்கு ஆத்திரம் தீரும். எனக்கு என்ன மிஞ்சும்?

அவனை நான் வளர்த்தேன். எங்கள் அப்பா கையை ஓங்கும்போதெல்லாம் அவனைக் கட்டிலுக்கடியில் தள்ளி, நானும் பக்கத்தில் படுத்து அவன் காதைப் பொத்திக்கொள்வேன். அந்தக் காதின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அவனைக் கூண்டில் ஏற்று என்று என்னிடமே கேட்கிறாயே, உனக்கு மனசு வந்ததா?

கோபத்தை விட்டுவிட்டு வா. நான் அவனிடம் பேசுகிறேன்.


ஜூன் 27

சிஸ்டர் அண்ணிக்கு,

நான் கெஞ்சியதை மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை நான் கெஞ்சவில்லை. முதல் தடவை எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. ரத்தம் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாடிக்கு ஓடி வந்தேன். கதவைத் திறந்ததும் "என்னடி ஆச்சு?" என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தீர்கள். நேராகப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு அதுவே நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. ரேடியோவைச் சத்தமாக வைப்பீர்கள். கத்தரிக்கோல் கொதிக்கும். ஊசியும் நூலும் இருக்கும் பிஸ்கட் டப்பா திறக்கும். மரத்துப்போக ஒரு ஊசி, அப்புறம் "அசையாத கண்ணு" என்று சொல்லிச் சொல்லித் தைப்பீர்கள். அவர் அந்தப் படிக்கட்டில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் மூன்று பேருக்கும் டீ. அவர் டம்ளரில் மட்டும் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதல், பையன் அதிர்ச்சியில் இருக்கிறானாம். தையல் போட்டுக்கொண்டவளுக்குச் சாதா டீ. அப்போது எனக்கு அது வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை. இங்கே வந்த பிறகு ஒருநாள் டீக்குச் சர்க்கரை போடும்போது நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். விடுதியில் பக்கத்து அறைக்காரி பயந்துவிட்டாள்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். டப்பாவில் நூல் தீர்வதற்கு முன்பே புது நூல் வந்துவிடுமே, அது எப்படி? அடுத்த தடவை உண்டு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் இருப்பு வைத்தீர்கள். "நான் அவனிடம் பேசுகிறேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னீர்கள். பேசுகிறவர் நூல் வாங்கி வைப்பாரா?

நானும் யோக்கியம் இல்லை. ஸ்டூடியோவில் என் பிழைப்பே அதுதான். மணப்பெண்ணின் பரு, மாப்பிள்ளையின் கருவளையம், எல்லாம் கம்ப்யூட்டரில் நான் துடைத்துவிடுவேன். வாலுவின் பள்ளி விழாவில் எடுத்த படத்தில் என் கன்னத்தில் நீலம் பாரித்திருந்தது. அதையும் நானே துடைத்தேன். நீங்கள் தோலில் அழித்தீர்கள், நான் படத்தில் அழித்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து உங்கள் தம்பியைத் தங்கமான மனிதராக்கிவிட்டோம். அவர் லிஃப்ட் பார்க்கும் கட்டிடங்களில் போய்க் கேளுங்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவராம்.

நான் உங்களிடம் ஆத்திரம் தீர்க்கச் சொல்லவில்லை. என் பெண்ணைக் கேட்கிறேன். என் மேல் ஓங்கிய கை அவள் மேல் ஓங்காது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நான் அங்கே இருந்தவரைக்கும் அவருக்கு நான் போதுமாக இருந்தேன். இப்போது அந்த வீட்டில் நான் இல்லை.

ஜூலை இருபதாம் தேதி, காலையில். உங்களுக்குச் சம்மன் வரும்.


ஜூலை 8

ஸ்டூடியோக்காரிக்கு,

சம்மன் வந்தது. தபால்காரர் தெருவுக்கே கேட்கும்படி "சிஸ்டர், கோர்ட்லேர்ந்து" என்று கத்திக் கொடுத்துவிட்டுப் போனார். உன் புண்ணியத்தில் இதையும் பார்த்தாகிவிட்டது.

நூலைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொள்கிறாயோ நினைத்துக்கொள்.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வந்து வகுப்பெடுத்தார். வீட்டுக்குள் நடக்கும் அடிதடி குடும்ப விஷயம் இல்லையாம். காலரா போல, காசநோய் போல மக்கள் மொத்தத்தையும் பிடிக்கும் சீக்காம். எந்த தேசத்தை எடுத்தாலும் இருக்கிறதாம், பணக்காரன் ஏழை பார்க்காதாம், பார்த்து வளரும் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொள்ளுமாம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்குத் தெரியாததா? எமர்ஜென்சி வார்டுக்கு வரும் பொம்பளைகளில் பாதிப் பேர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள். பொம்பளைகளை மட்டும் பார்த்து வழுக்கிவிடும் பாத்ரூமை எந்தக் கொத்தனார் கட்டுகிறானோ என்று நாங்களே பேசிச் சிரித்துக்கொள்வோம். சிரிக்காமல் அந்த வார்டில் வேலை பார்க்க முடியாது.

உலகத்தில் மூன்று பெண்களில் ஒருத்தி இப்படி அடிபட்டவள் என்றார். உடனே வீட்டை எண்ணிப் பார்த்தேன். அம்மா, நான், நீ. நீ ஒருத்தி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று பஞ்சை உருட்டினேன். அப்புறம்தான் அம்மாவுக்கு உதடு கிழிந்தது ஞாபகம் வந்தது. அம்மாவை நான் எண்ணவே இல்லை பார். செத்துப்போனதால் இல்லை. அம்மா என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று மனசில் இருந்திருக்கிறது. கை நடுங்காமல் காயத்தைத் துடைக்க நான் பழகியது நர்சிங் பள்ளியில் இல்லை, அம்மாவின் முகத்தில்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். "சீக்குன்னு சொல்றீங்களே டாக்டர், மருந்து என்ன?" என்று நான் எழுந்து கேட்டேன். "முதல் மருந்து, மறைக்காம இருக்கறது" என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் பேனா கொண்டு போகவில்லை.

கோர்ட்டுக்கு வருகிறேன். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைச் சொல்ல மாட்டேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

வாலுவுக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட வேண்டும் என்று சோப்பு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறாள்.


ஜூலை 22

சிஸ்டருக்கு,

"என் தம்பி அடிச்சதை நான் பார்த்ததில்ல."

கோர்ட்டில் நீங்கள் முழுசாகச் சொன்ன ஒரே வாக்கியம். அதில் பொய்யே கிடையாது. நீங்கள் பார்த்ததெல்லாம் அடித்து முடித்த பிறகுதான். எத்தனை நாள் யோசித்து அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தீர்கள்?

"காயத்துக்குத் தையல் போட்டீங்களா?" என்று வக்கீலம்மா கேட்டபோது நீங்கள் நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, உங்கள் தம்பியைப் பார்த்தீர்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே உங்களுக்கு ஞாபகம் போய்விட்டது. ஆயிரம் பேருக்குத் தைத்த கையாம், யாருக்கு எப்போது தைத்தீர்கள் என்று நினைவில்லையாம். வெளியே வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது மட்டும் என் புருவத்தை ஒரு பார்வை பார்த்தீர்கள், டெய்லர் தான் தைத்த சட்டையைத் தெருவில் பார்ப்பது போல. கோணல் இல்லை சிஸ்டர். நன்றாகவே தைத்திருக்கிறீர்கள்.

வாலு அவரிடமே. எனக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம், கோர்ட் கட்டிடத்தில் ஒரு அறையில். அங்கே ஒரு காதில்லாத கரடி பொம்மையும், சக்கரம் போன சைக்கிளும் இருக்கின்றன. மூலையில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருப்பார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள. உங்கள் தம்பியைப் பார்த்துக்கொள்ள யாரையும் போடவில்லை. அதற்குத்தான் நீங்கள் மாடியில் இருக்கிறீர்களே.

இனி நான் எழுத மாட்டேன். அண்ணி என்று எழுதவும் கை வரவில்லை.


ஆகஸ்ட் 30

ஸ்டூடியோக்காரிக்கு,

நீ பதில் போட மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் வாலுவைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கிழி.

நான் சொல்லத்தான் வந்தேன். நம்பினால் நம்பு. அவன் கண்ணைத் துடைத்ததும் எனக்குக் கட்டிலுக்கடியில் இருந்த பையன் தெரிந்தான். உனக்கு அவன் புருஷன். ஊருக்கு அவன் ஆம்பளை. எனக்கு அவன் இன்னும் அந்தப் பையன்தான். அது என் பலவீனம் என்று சொல்லு, திமிர் என்று சொல்லு, ஏற்றுக்கொள்கிறேன். கேவலம் என்று மட்டும் சொல்லாதே. சொன்னாலும் சொல், யாருக்குத் தெரியப்போகிறது?

வாலு கட்டிலில் குதிப்பதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடப் பையின் ஜிப்பைச் சத்தம் வராமல் பிடித்துப் பிடித்து மூடுகிறாள். டம்ளரை மேஜையில் வைக்கும்போது அடியில் விரலைக் கொடுத்து வைக்கிறாள். கீழே அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் செருப்புகளை வரிசையாக அடுக்குகிறாள். "பொறுப்பு வந்துடுச்சு பாருக்கா, அவ அம்மா இருந்தப்ப இப்படியா இருந்தா?" என்று அவன் பெருமைப்படுகிறான். எனக்கும் இந்த வயதில் இதே பொறுப்பு வந்திருந்தது. அவனிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

நேற்று பிஸ்கட் டப்பாவைக் காட்டி, "இதுல அம்மா நூல் இன்னும் இருக்கா அத்தை?" என்று கேட்டாள். "உனக்கு யாரு சொன்னா?" என்றேன். "யாரும் சொல்லல. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள். டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டேன். தூக்கி எறிந்திருக்கலாம் என்று நீ சொல்வாய்.

சனிக்கிழமை பார்க்கும்போது அவளிடம் அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்காதே. பயப்படுகிறாள். கூச்சப்படுகிறாள் என்று எழுத நினைத்தேன், கை இப்படி எழுதிவிட்டது. அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.


அக்டோபர் 12

ஸ்டூடியோக்காரிக்கு,

ஆஸ்பத்திரியில் நீ வாலுவைத் தூக்கிக்கொண்டு போனபோது என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மருந்து அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நடந்ததைப் போலீஸ் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழே ஏதோ சத்தம் கேட்டது. கேட்டதும் என் கை தானாகப் போய் ரேடியோவைக் கூட்டி வைத்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். சத்தம் என்னவென்று யோசிப்பதற்கு முன்பே கை போய்விட்டது.

கதவைத் தட்டினாள். நெற்றியில் ஒரு துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. கணக்கு தப்பாகப் போட்டாளாம், சொல்லிக் கொடுத்தபோது சிரித்தாளாம், தண்ணீர் பாட்டிலை எடுத்து வீசியிருக்கிறான். இரும்புப் பாட்டில். புருவத்துக்கு மேலே பிளந்திருந்தது, உனக்கு முதலில் பிளந்த அதே இடம்.

"அப்பா மாடிக்குப் போய் அத்தைகிட்ட தைச்சுக்கோன்னாங்க" என்றாள். "வெளிய தெரியாம தைப்பீங்களாம்."

நீ என்னை எத்தனையோ கேட்டாய். நான் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் எழுதினேன். பிள்ளை சொன்ன இந்த ஒன்றில் அத்தனையும் பொய்யாகிவிட்டது. எனக்குப் பயந்து அவன் கை நிற்கவில்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் ஓங்கியிருக்கிறான். உனக்கும் அப்படித்தான் ஓங்கியிருக்கிறான். அடுப்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

அவன் வழக்கமான படியில் தலையைத் தாங்கி உட்கார்ந்திருந்தான். டீக்குக் காத்திருந்தான் போல. எழுந்து நின்று, "எங்கக்கா போற?" என்றான்.

"ஆஸ்பத்திரிக்கு."

"நீயே தைச்சிடலாமேக்கா. சின்னக் காயம்தானே?"

"வழிய விடுடா."

"என்னைப் போய் போலீஸ்ல சொல்லுவியா? நீயா?" என்று அழ ஆரம்பித்தான். அவன் காது சிவந்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் படியிறங்கினேன். நான் கல்மனசுக்காரி இல்லை, அது உனக்குத் தெரிந்தால் போதும்.

வார்டில் புது டாக்டர், சின்னப் பையன். என்னைப் பார்த்ததும் ஊசியை என் பக்கம் நீட்டி, "நீங்களே போட்டுடுங்க சிஸ்டர், உங்க கை எனக்கு வருமா?" என்றான். மாட்டேன் என்றேன். எப்படி அடிபட்டது என்று வாலுவைக் கேட்டான். அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் வார்டில் சொல்லிச் சிரிப்போமே, அதே வார்த்தை, அவள் வாயில்.

"இல்ல டாக்டர். அவ அப்பா அடிச்சான். என் தம்பி. அவ அம்மாவையும் வருஷக்கணக்கா அடிச்சான். வீட்டுல வெச்சு நான்தான் தைச்சேன். எழுதிக்குங்க, போலீசைக் கூப்பிடுங்க" என்றேன். பையன் வேர்த்துப்போய் உட்கார்ந்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

வார்டில் அன்று மெல்லிய நூல் இருப்பில் இல்லை. டாக்டர் பையன் தடித்த நூலில், கோணல் மாணலாகத் தைத்தான். நான் தைத்திருந்தால் தெரிந்தே இருக்காது. மெல்லிய நூல் வீட்டு அலமாரி மேல்தட்டில் டப்பாவுக்குள் இருந்தது. ஆள் அனுப்பினால் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாராவது ஒருத்தராவது அதைப் பார்த்தாக வேண்டும் என்று நினைத்தேனா, டப்பாவைத் திறக்கப் பயந்தேனா, தெரியவில்லை. தழும்பு நிற்கும். புருவத்தை இரண்டாக வெட்டினது போல நிற்கும்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை உண்டாம். அவனை உள்ளே வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. கோர்ட்டில் இப்போது என்ன கேட்டாலும் சொல்கிறேன். ஞாபகம் எல்லாம் இருக்கிறது, ஒவ்வொரு தையலும்.

வாலுவை ஒருமுறை வந்து பார்க்கலாமா?


நவம்பர் 3

சிஸ்டருக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன். கேள்வி கேட்டிருந்தீர்கள், பதில் சொல்லாமல் விட்டால் அது வேறு பாவம்.

கோர்ட்டில் இந்தத் தடவை யாரும் என்னிடம் அத்தாட்சி கேட்கவில்லை. நீங்கள் தைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னதாக வக்கீலம்மா சொன்னார். நீதிபதி வாலுவின் நெற்றியைப் பார்த்தாராம், அவ்வளவுதான், முடிந்தது. நான் அத்தனை வருஷம் வாங்கியது பத்தவில்லை, பிள்ளை ஒரு நாள் வாங்கியது போதுமாக இருந்தது. எல்லோரும் என்னிடம், "நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்கிறார்கள். சரி, சரி என்று தலையாட்டுகிறேன். எது நல்லபடியாக முடிந்தது என்று ஒருத்தரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். வக்கீலம்மா சொல்கிறார், விடுதிக்காரம்மா சொல்கிறார். ஜூலையில் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன்.

நூலை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் வருவதில்லை. குழந்தைகள் முகத்துக்கு வைத்திருந்த மெல்லிய நூலை என் முகத்தில் செலவழித்தீர்கள். தடித்த நூல் என் பிள்ளை முகத்துக்கு வந்தது. மாற்றிப் போட்டுவிட்டீர்கள் சிஸ்டர். என் முகத்தில் அந்தக் கோணல் தையல் இருந்திருந்தால் அவள் முகத்துக்குத் தையலே தேவைப்பட்டிருக்காது. ஜூலையிலேயே கோர்ட்டிலிருந்து நேராக என்னோடு வந்திருப்பாள். டப்பாவுக்கு ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? கேட்டுக்கொண்டே இருங்கள். நான் பதில் சொல்லி உதவப்போவதில்லை.

வாலு இன்னும் டம்ளருக்கு அடியில் விரலைக் கொடுத்துத்தான் வைக்கிறாள். இங்கே யாரும் கத்துவதில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "தெரியும்மா" என்கிறாள், அப்படியேதான் வைக்கிறாள். நேற்று விடுதியில் ஒரு சின்னப் பிள்ளை அவள் பென்சிலை எடுத்ததற்கு ஓங்கி அறைந்துவிட்டாள். அறைந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உங்கள் டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது, ஒட்டிக்கொள்ளுமாம். நான் அவளைத் திட்டவில்லை. முதலில் போய் அறை வாங்கிய பிள்ளையைத் தூக்கி, "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். வாலுவின் காதில் விழும்படி கேட்டேன்.

புதுப் பள்ளிக்கூடத்தில் போட்டோ கேட்டார்கள். இப்போது நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவிலேயே எடுத்தேன். அவளைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் திறந்தேன். பழக்கம், கை தானாகப் புருவத்துக்குப் போய்விட்டது. உங்கள் கை ரேடியோவுக்குப் போனதைப் படித்திருந்தேன், இல்லையென்றால் கவனித்திருக்க மாட்டேன். இதற்கு வேண்டுமானால் நன்றி.

"எடுத்துடுவியாம்மா?" என்று கேட்டாள்.

"எடுக்கட்டுமா?"

திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். "வேணாம். அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள்.

எடுக்கவில்லை. ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். சட்டம் போட்டு மாட்ட வேண்டாம், பார்த்துவிட்டு எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் மட்டும் வைக்காதீர்கள்.

வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தையைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டால் வரச் சொல்லி எழுதுகிறேன்.

இதுவரை அவள் கேட்கவில்லை.